கட்டுவிரியன் இல்லை அக்கா

கல்யாண வீடுகளில் படம் பிடிப்பது என் தொழில். முகூர்த்தம் இல்லாத நாட்களில், செங்கல்பட்டு பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கொல்லையில் பாம்புகளைப் படம் பிடிக்கிறேன். சாரை, கொம்பேறி மூக்கன், பச்சைப் பாம்பு, ஒருமுறை விறகு அடுக்கில் நல்ல பாம்பு.

தொடக்கத்தில் சீறும் பாம்புதான் நல்ல படம் என்று நம்பினேன். ஒரு சாரையைக் குச்சியால் சீண்டினேன்; அது கழுத்தைப் புடைத்துக்கொண்டு நின்றது. தெரிந்த இருளர் பெரியவர் ஒருவரிடம் அந்தப் படத்தைப் பெருமையோடு காட்டினேன். "பயந்துபோயிருக்கிறது தம்பி. ஏன் சீண்டினாய்?" என்றார். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் விஷம் எடுத்த பாம்பைக்கூடத் திரும்பக் காட்டில்தான் விடுகிறார்கள். எனக்குக் கூசியது. குச்சியை அன்றே போட்டுவிட்டேன். இப்போது தள்ளி உட்கார்ந்து ஜூம் லென்ஸில் காத்திருக்கிறேன். சட்டை உரிக்கப்போகும் சாரையின் கண் பால் கலந்ததுபோல் நீலம் பூத்திருப்பதை அப்படித்தான் பார்த்தேன். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடிய கண்ணாடிச் செதிலும் சட்டையோடு கழன்று வரும்.

போன மழைக்காலத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். "தம்பி, கட்டுவிரியன்! குளியலறைச் சுவரில்!" அண்ணன் கையில் உலக்கை. தொடாமல், வாசலில் நின்றபடியே நான்கு படங்கள் எடுத்துத் திரையில் பெரிதாக்கினேன். வெள்ளைப் பட்டைகள் கழுத்திலேயே தொடங்கி, வால் பக்கம் மங்கிப்போயிருந்தன. கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் நேர்மாறு: தலையை அடுத்த பகுதியில் பட்டை தெளிவாக இருக்காது; முதுகின் நடுவில் அறுகோணச் செதில்கள் பெரிதாக ஓடும். இதில் அந்தச் செதில் வரிசை இல்லை. வெள்ளிக்கோல் வரையன், விஷமற்றது, பல்லி தேடி வருவது. இந்தக் குழப்பத்தில் அடிபட்டுச் செத்த மூன்றை எங்கள் தெருவிலேயே படம் பிடித்திருக்கிறேன்.

கடிபட்டவரை வைத்துக்கொண்டு இப்படிப் படம் பார்த்து நிற்கக் கூடாது என்பதையும் அண்ணனிடம் சொன்னேன். கட்டுவிரியன் கடி வலிக்காமலே போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

அக்கா படத்தை வாங்கி, விரலால் தள்ளித் தள்ளிப் பட்டைகளைப் பார்த்தார். பிறகு டார்ச்சை அவரே பிடித்துக்கொண்டார். பாம்பு குழாய் ஓட்டை வழியாக வெளியேறி மதிலோரம் மறையும்வரை வெளிச்சம் ஆடவில்லை.