பல்கா அல்லாத பல்காக்கள்

ஆகஸ்ட் 16

பெர்த்துக்கு வந்து மூன்று ஆண்டுகளாகக் கறுத்த அடிமரமும் அதன் உச்சியில் புல்கற்றையும் தெரிந்தாலே ‘பல்கா’ என்று சொல்லிக் கடந்துவிடுவேன். தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் தொல்குடிகளான நூங்கார் மக்கள் இந்தப் புல்மரத்துக்கு வழங்கும் பெயர் அது. தாவரவியலில் சாந்தோரியா பிரெய்சி. இன்று டார்லிங் மலைச்சரிவிலும் அப்படித்தான் எழுதினேன். வீட்டில் படத்தைப் பெரிதாக்கியதும் விழித்தேன். பல்காவுக்குக் கம்பங்கதிர் போல நீண்ட ஒற்றைக் கதிர் நிமிர்ந்து நிற்கும். இதற்கோ உச்சியைச் சுற்றி முரசுக்கோல்களைச் செருகியதுபோல் பத்துப் பன்னிரண்டு உருண்டைத் தலைகள். இது கிங்கியா. இனம் மட்டுமல்ல, குடும்பமே வேறு.

ஆகஸ்ட் 24

கிங்கியாவிடம் மறுபடி போனேன். இளம் இலைகளில் பட்டுப்போன்ற மயிர். வெயிலில் வெள்ளியாக மின்னுகின்றன. பூ இல்லாவிட்டாலும் இதை வைத்தே பிரித்துவிடலாம். வெளியே தெரியாத விந்தை ஒன்றும் உண்டு: தண்டுக்கும் பழைய இலையடிகளுக்கும் நடுவே வேர்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன.

செப்டம்பர் 7

ஜாரா என்ற யூகலிப்டஸ் மரங்கள் நிறைந்த காட்டில் அடிமரமே இல்லாத ஒரு குத்து. அடிமரமற்ற சாந்தோரியா கிராசிலிஸ் இந்தக் காட்டில் உண்டு என்பதால் அந்தப் பெயரையே எழுதினேன். உதிர்ந்து கிடந்த இலையொன்றைப் பிளேடால் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தேன், சாய்சதுரம். இலையின் குறுக்குவெட்டு இந்தப் பேரினத்தில் முக்கியமான அடையாளம். தென் ஆஸ்திரேலியாவின் சாந்தோரியா குவாட்ராங்குலாட்டாவுக்கு நாற்கோணம் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் பல்காவின் இலையும் சாய்சதுரந்தான். ஆக, பிளேடு எனக்கு உதவவில்லை.

செப்டம்பர் 28

சென்ற கோடையில் தீப்பிடித்த பகுதி. தீக்குப் பிறகு புல்மரங்கள் பூத்துக் குவிக்கும் என்று படித்ததை இன்றுதான் கண்ணால் கண்டேன். பல்காவில் தண்டின் பெரும்பகுதியைக் கதிரே பிடித்துக்கொள்கிறது. கிராசிலிஸில் தலைகீழ்: மெலிந்து நீண்ட தண்டு, நுனியில் மட்டும் குட்டைக் கதிர். அங்கே தரையோடு இருந்த சில குத்துகளிலும் நீண்ட பல்கா கதிர்! அடிமரம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் உயரும். இளம் பல்காவை அடிமரமற்ற இனம் என்று நினைப்பது எவ்வளவு எளிது! 7ஆம் தேதி எழுதிய பெயரை அடித்துவிட்டேன்.

அக்டோபர் 12

ஒரு பல்கா கதிரில் பாதிப் பக்கம் வெள்ளைப் பூ, மறுபாதி இன்னும் மொட்டு. பூத்திருந்தது வடக்குப் பக்கம். பூமத்தியரேகைக்குத் தெற்கே வெயில் அங்கிருந்துதானே வருகிறது. திசைகாட்டியை எடுத்துச் சரிபார்த்தேன். பூ சொன்னது சரி.

திரும்பும் வழியில் 7ஆம் தேதிக் குத்தையும் எட்டிப் பார்த்தேன். தீ அந்தப் பக்கம் வரவில்லை. கதிரும் இல்லை. அடித்த பெயருக்குப் பக்கத்தில் ‘சாந்தோரியா’ என்று மட்டும் எழுதிவைத்தேன்.