மச்சினனின் மரவீட்டுக்கு இடம் தேடி

மன்னார்குடியில் எங்களுக்கு மரவாடி. அப்பா காலத்திலிருந்து தேக்கு, வேம்பு, பூவரசு என்று வாங்கி அறுத்து விற்கிறோம். சொந்தத்தில் யாருக்கு நிலைக்கதவு, கட்டில், ஊஞ்சல் பலகை வேண்டுமானாலும் போன் எனக்குத்தான் வரும். கனடாவில் இருக்கும் மச்சினன் கேட்டது மட்டும் கொஞ்சம் பெரிசு.

"அத்தான், தடிமரத்தை முழுசா அடுக்கிச் சுவர் எழுப்புவாங்களே, அந்த மாதிரி ஒரு வீடு நம்ம பக்கம் கட்டணும். ஒரே ரூம், முன்னால ஒரு திண்ணை. மலையில பாருங்க, இல்லேன்னா ஏரிக்கரையில பாருங்க."

அவன் இருப்பது பிரிட்டிஷ் கொலம்பியா. அங்கே செடாரும் ஸ்ப்ரூஸும் கோணல் இல்லாமல் நெட்டுக்கு வளர்கின்றன. ஏரியோரம் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய இருக்கின்றன, லீவுக்குப் போய்த் தங்குகிறார்கள். இங்கே கத்திரி வெயில் ஒரு பக்கம், கரையான் ஒரு பக்கம், ஐப்பசி மழை ஒரு பக்கம். சொன்னால், "அதுக்குத்தானே உங்களைக் கேக்குறேன்" என்கிறான். சரி, பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டேன்.

இடம் பார்க்கக் கிளம்பும் முன் மரக்கணக்கைப் போட்டேன். 20க்கு 16 அடி அறை, எட்டடிச் சுவர். தடியின் குறுக்களவு எட்டு அங்குலம் என்றால் 12 வரிசை வரும். நாலு சுவருக்கும் சேர்த்து 864 அடி நீளம், ஏறக்குறைய 300 கனஅடி. மூலைகளில் குடைந்து ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வைக்கும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகள் தனி. கதவுக்கும் ஜன்னலுக்கும் கழிப்பதோடு அது ஈடாகிவிடும். ஆக, 20 அடிக்கு மேல் நீளமுள்ள தடிகளை ஏற்றிய லாரி போய்ச் சேர வேண்டும். வியூ எப்படி என்று கேட்பதற்கு முன்னால் ரோடு எப்படி என்று நான் கேட்டது இதனால்தான். மச்சினனுக்கு அது பிடிக்கவில்லை.

அவன் மார்கழி லீவில் வந்தபோது முதலில் மலை. கொடைக்கானலில் சென்ட் விலையைக் கேட்டதோடு சரி, கொல்லிமலைக்குப் போனோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வளைவுக்குள் என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மேலே ஏறியதும் குளிர்ந்த காற்று, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காப்பி. மச்சினன் அந்தச் சில்வர் ஓக்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். "அத்தான், எவ்வளவு நேரா இருக்கு பாருங்க! இங்கயே வெட்டி இங்கயே கட்டலாமே?"

நேராகத்தான் இருக்கிறது. பிளைவுட்டுக்கும் பேக்கிங் பெட்டிக்கும் போகிற மரம் அது. வைரம் பாயாது. ஈரம் பட்டு வண்டு விழுந்தால் சுவர் உளுத்துப் போகும். கீழேயிருந்து நல்ல மரம் கொண்டுபோகலாம் என்றால் அந்த வளைவுகளில் 20 அடித் தடியோடு லாரியைத் திருப்ப வேண்டும். எங்களுக்கு லோடு அடிக்கும் டிரைவரிடம் கேட்டேன். "பன்னெண்டு அடியா அறுத்துக் குடுங்க, ஏத்துறேன்" என்றார். பன்னிரண்டு அடியாக அறுத்துவிட்டால் சுவர் முழுக்க ஒட்டுத்தான்.

அதைவிடப் பெரிய விஷயம் பத்திரம். கொல்லிமலை 'மலையாளி' என்ற பழங்குடி மக்களின் ஊர். அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா நிலங்களும் மலைப்பக்கம் உண்டு. அதையெல்லாம் வெளியாட்கள் வாங்க முடியாது, வாங்கினாலும் நிற்காது. தரகர் காட்டும் நகலில் அந்த நிபந்தனையை எழுதிய வரி எங்கே என்று தேட வேண்டும். மலைக் கிராமங்கள் பல மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின், அதாவது ஹாக்காவின், பட்டியலில் இருக்கின்றன. அங்கே கட்டடம் என்றால் அந்த அனுமதி தனி. எங்களைக் கூட்டிப்போன தரகர், "அதெல்லாம் கண்டுக்க மாட்டாங்க சார்" என்று சொன்ன நிமிடமே என் மனசில் அந்த இடம் முடிந்துபோயிற்று. இன்னொன்றும் உண்டு. மரவீட்டைப் பூட்டிப் போட்டால் கெடும். மாதம் ஒருமுறையாவது திறந்து காற்றாட விட்டு, கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சரி, ஏரி. நம் பக்கத்தில் ஏரி என்றால் அவனுக்கு வடுவூர்தான். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி வரும் வழியில் இருக்கிறது. மார்கழியில் தண்ணீர் தளும்பி, நாரையும் கொக்குமாக இருந்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே இடம் வேண்டும் என்றான். 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது, 2022இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அதன் ஓரத்தில் வீடு கட்டும் எண்ணத்தையே விட வேண்டும். விட்டதும் நல்லதுதான். பறவைக்கு ஒரு இடமாவது மிஞ்சட்டும்.

ஆனால் அவன் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. கனடா ஏரியை மனசில் வைத்துக்கொண்டு நம் ஏரியைப் பார்க்கக் கூடாது. நம் ஏரி பாசனத்துக்கு வெட்டியது. ஆற்றில் தண்ணீர் விட்டு, வடகிழக்கு மழையும் பெய்தால் நிறையும். வயலுக்குப் பாய்ந்தது போக மிச்சம் சித்திரையில் வற்றும். வைகாசியில் மாடு மேயும். அதை ஒரு வீடியோ எடுத்து அனுப்பினேன். "இது அதே ஏரியா?" என்று கேட்டான்.

ஏரிக்கு இரண்டு பக்கம் உண்டு. கரை இருக்கிற பக்கம் மதகு இருக்கும். கரைக்கு வெளியே ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு வயல், அந்தத் தண்ணீரைவிடத் தாழ்வான நிலம், எப்போதும் கசிவு. எதிர்ப்பக்கம் நீர்ப்பிடிப்பு. அங்கே கரை கிடையாது, நிலம் சரிந்து தண்ணீரில் இறங்கும். காலில் அலை தொடுகிற அழகெல்லாம் அந்தப் பக்கம்தான். தரகர்கள் காட்டுவதும் அதைத்தான், அதுவும் கோடையில். ஏரி முழுக் கொள்ளளவுக்கு நிறையும்போது தண்ணீர் எந்த வரப்பு வரை ஏறும் என்பதை அங்கே ஆடு மேய்ப்பவரிடம் கேட்டால் காலால் கோடு போட்டுக் காட்டுவார். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கின் மேல்மட்டம்தான் கணக்கு. அதற்குக் கீழே இருக்கிற மண் பட்டாவில் யார் பெயரில் இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். ஏரிப் புறம்போக்கா என்று கிராம நிலக்கணக்கான 'அ' பதிவேட்டில் பார்ப்பது இதற்கு அப்புறம்.

நடுவில் கொள்ளிடம் படுகையில் ஒரு தோப்பு வந்தது. ஆற்றைப் பார்த்தபடி, மாமரம், மூங்கில், விலையும் மலிவு. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் மதகுகள் உடைந்தபோது ஆறு எப்படிப் போனது என்று தெரிந்த யாரும் படுகையில் மரத்தை அடுக்கி வீடு கட்ட மாட்டார்கள். போய்ப் பார்க்கவே இல்லை.

கடைசியில் நான் காட்டிய இடம் ஒரத்தநாட்டுக்கு மேற்கே, கந்தர்வக்கோட்டைப் பக்கமாக. டெல்டா முடிந்து செம்மண் மேடு ஆரம்பிக்கிற விளிம்பு. எங்கள் பக்கத்துக் களிமண் மழையில் உப்பும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெல்லுக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. தடிமரத்தின் அடிவரிசைக்கு அதைவிடக் கெட்டதும் கிடையாது. செம்மண் மேட்டில் மழை விட்டதும் நடக்கலாம். கல்லணைக் கால்வாயை எங்களூர் ஆட்கள் புதாறு என்பார்கள், மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1934 வாக்கில் வந்தது. அதன் தண்ணீரை நம்பி அந்தப் பக்கம் நிறைய ஏரிகள். அப்படி ஒரு சின்ன ஏரியிலிருந்து முந்நூறு அடி தள்ளி, கலிங்கைவிட ஆள் உயரம் மேலே, முந்திரி போட்டிருந்த ஒரு ஏக்கர் புஞ்சை. திண்ணையில் உட்கார்ந்தால் தண்ணீர் தெரியும், காலில் படாது. நஞ்சையாக இருந்தால் மனையாக மாற்றும் அலைச்சல் அதிகம். விளைகிற நிலத்தை அழிப்பது எனக்கு ஆகவும் ஆகாது.

இதை நான் கார்த்திகையில், இரண்டு நாள் அடைமழைக்கு மறுநாள் போய்ப் பார்த்தேன். எங்கே தண்ணீர் ஓடிய தடம் இருக்கிறது, எங்கே தேங்கியிருக்கிறது, ரோட்டிலிருந்து வண்டி இறங்குமா என்று அப்போதுதான் தெரியும். வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு ஓடைத் தடம். மற்றபடி காய்ந்த தரை.

குறை இல்லாமல் இல்லை. செம்மண் என்றால் கரையான். அந்த ஏக்கரிலேயே மூன்று புற்று எண்ணினேன், ஒன்று என் இடுப்பு உயரம். அதனால் கருங்கல்லில் மூன்றடி பேஸ்மட்டம், அதன்மேல்தான் முதல் தடி. கரையான் மண்ணால் குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும், சுற்றிலும் வெறும் கல் தெரிந்தால் அந்தக் குழாயைப் பார்த்ததும் தட்டிவிடலாம். சுவரை ஒட்டிச் செடி வைக்கிற ஆசையை மச்சினன் விட வேண்டும். தடிகளைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊற வைப்பதும் உண்டு. ஆனால் மழை பட்டால் அது கரைந்து இறங்கும், ஆகவே தாழ்வாரம் நாலடியாவது வெளியே நீள வேண்டும்.

அங்கேதான் அடுத்த இழுபறி. நீண்ட தாழ்வாரத்தைப் புயல்காற்று அடியிலிருந்து தூக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தபோது எங்கள் வாடியின் தகரக் கூரை பக்கத்துத் தெருவில் கிடந்தது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மொத்தமும் சாய்ந்தது. தாழ்வாரத்துக்குத் தனித் தூண் கொடுத்து, கூரைச் சட்டத்தை இரும்புப் பட்டையால் பேஸ்மட்டம் வரை இழுத்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன். வீட்டைச் சுற்றி மரம் வேண்டும்தான். ஆனால் எந்த மரமும் அதன் உயரத்தைவிடக் கிட்டத்தில் நிற்கக் கூடாது.

மரம் எது என்பதில் இன்னும் பேச்சு ஓடுகிறது. 300 கனஅடி தேக்கு அவன் சம்பளத்துக்கும் அதிகம். சவுக்கு வெடிக்கும், தைலமரம் முறுக்கும். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்துவிட்டது, அனுமதி கிடைத்தாலும் எனக்கு மனசு வராது. முற்றின வேம்பு கரையானைத் தாங்கும், நீளத் தடியாகக் கிடைப்பதுதான் கஷ்டம். அடி மூன்று வரிசை வேம்பு, மேலே தூத்துக்குடி துறைமுகம் வழியாக வரும் இறக்குமதி பைன் என்பது என் யோசனை. "கனடாவிலேர்ந்து கனடா மரத்தை வாங்கவா நான் ஊருக்கு வர்றேன்?" என்று சிரிக்கிறான். எதுவானாலும் பட்டையை உரித்து, வாடியில் நிழலில் ஒரு வருஷம் அடுக்கி வைக்க வேண்டும். மரம் நீளத்தில் சுருங்காது, குறுக்கில் சுருங்கும். சுவர் சில அங்குலம் இறங்கும், நிலை இறங்காது. நிலைக்கு மேலே இடைவெளி விடாவிட்டால் கதவு திறக்காது. எங்கள் ஆசாரி இதைக் கேட்டுவிட்டு, "சுவரு எறங்குற வீட்டை என் சர்வீசுல இப்பத்தான் கேக்குறேன்" என்றார். ஆனால் அன்று சாயங்காலமே மூலைக் குடைவுக்கு இரண்டு துண்டு வேம்பில் மாதிரி செய்து காட்டினார்.

இப்போது தடங்கல் பாதைதான். நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை புல வரைபடத்தில் இல்லை, பக்கத்து நிலக்காரர் வாய்வார்த்தையில் விட்டுக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு அடி அகலத்துக்குப் பாத்தியதை எழுதிப் பதிவு செய்து தந்தால் முன்பணம் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் மகன் திருப்பூரிலிருந்து பொங்கலுக்கு வருகிறான், அவனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். மச்சினன் தினமும் ராத்திரி போன் பண்ணி, "என்ன அத்தான், பையன் வந்துட்டானா?" என்கிறான்.