அன்இன்ஸ்டால் செய்தேன், லைசென்ஸ் விடுபடவில்லை

எங்கள் டிசைன் மென்பொருளின் லைசென்ஸ் பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஒருவழியாக நேற்று மாலை விடுபட்டது. பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு 11 நாட்கள் ஆயின. அதற்குள் ஒரு பம்ப் இம்பெல்லருக்கான மோல்டு டிசைன் பாதியில் நின்றுபோய், வாடிக்கையாளரிடம் இரண்டு முறை அவகாசம் கேட்க வேண்டியதாயிற்று. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு இந்த நிலை வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கோவை கணபதியில் நானும் என் தம்பியும் சிறிய டிசைன் அலுவலகமும் அதை ஒட்டி, மோல்டு செய்யும் பட்டறையான ஒரு டூல் ரூமும் நடத்துகிறோம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எங்களிடம் இருந்தது ஏழாம் தலைமுறை கோர் ஐ7. விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் அது இல்லை என்பதால் புதிய கம்ப்யூட்டர் வாங்கினோம். மென்பொருள், 2018-இல் ஒரே தவணையில் பணம் கட்டி வாங்கிய நிரந்தர லைசென்ஸ் கொண்டது. அந்த நிறுவனம் இப்போது ஆண்டுச் சந்தாவாக மட்டுமே விற்கிறது. ஆகவே இந்த லைசென்ஸை இழந்தால் பணம் கொடுத்தாலும் அதே போன்ற ஒன்று திரும்பக் கிடைக்காது.

தவறு முதல் நாளே நடந்தது, அதைச் செய்தவளும் நான்தான். கண்ட்ரோல் பேனலுக்குப் போய் மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, புதிய கம்ப்யூட்டரில் ஏற்றி, சீரியல் எண்ணைக் கொடுத்தேன். அனுமதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்களின் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. மென்பொருளும் லைசென்ஸும் இரண்டு தனித்தனிப் பொருட்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மென்பொருளை நீக்கும்போது அதன் ஃபைல்கள்தான் போகின்றன. இந்தக் கம்ப்யூட்டரில் லைசென்ஸ் பயன்பாட்டில் இருக்கிறது என்ற பதிவு நிறுவனத்தின் சர்வரில் அப்படியே நிற்கிறது. மென்பொருளைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் இருக்கும் டிஆக்டிவேட் என்பதை இணைய இணைப்போடு அழுத்தினால் மட்டுமே அந்தப் பதிவு நீங்கும். அதை முதலில் செய்துவிட்டுப் பிறகுதான் அன்இன்ஸ்டாலில் கை வைக்க வேண்டும்.

மறுநாளே அவிநாசி சாலையில் இருக்கும் டீலரிடம் போனேன். லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் வாங்கிய பில்லின் நகலும் வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஏழு ஆண்டு பழைய பில்லை ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து தேடி எடுத்து, நான்கு நாள் கழித்து மறுபடி போனபோது, இரண்டையும் புரட்டிக்கூடப் பார்க்காமல், "ஏ.எம்.சி. இல்லாம கம்பெனிக்கு டிக்கெட் போட முடியாதுங்க மேடம்" என்றார் அங்கிருந்தவர். எங்கள் பராமரிப்பு ஒப்பந்தம் 2021-இல் முடிந்திருந்தது; விட்டுப்போன ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கட்டினால்தான் கோரிக்கையைப் பதிவு செய்ய முடியுமாம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதைவிட மோசமானது, நான் கிளம்பும்போது அவர் சொன்ன யோசனை: "ஹார்ட் டிஸ்க்க ஃபார்மேட் பண்ணிருங்க, லைசென்ஸ் தானா ரிலீஸ் ஆயிரும்."

தயவுசெய்து யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். லைசென்ஸைத் திருப்பிக் கொடுப்பதற்குத் தேவையான தகவல், மென்பொருளை நீக்கிய பிறகும் பழைய டிஸ்கில் ஒரு மறைவான ஃபோல்டரில் இருக்கிறது. டிஸ்கை ஃபார்மேட் செய்தால் அந்தத் தகவல் அழியும். சர்வரில் உள்ள பதிவு மட்டும் அழியாது. அதன் பிறகு நிறுவனத்தின் தயவு ஒன்றுதான் வழி. ஆறு ஆண்டு டிராயிங்குகளை இன்னும் வெளி டிஸ்கில் நகல் எடுக்காமல் வைத்திருந்ததால் மட்டுமே நான் அன்று ஃபார்மேட் செய்யவில்லை. இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது.

ஒன்பதாம் நாள், மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை மறுபடி இணைத்து, 2018-இல் ஏற்றிய அதே பதிப்பின் செட்டப் ஃபைலைப் பழைய பென் டிரைவில் தேடிப் பிடித்து நிறுவினேன். பதிப்பு மாறினால் பழைய லைசென்ஸை அது அறியாமல் போகலாம் என்பதால் இதில் கவனம் வேண்டும். திறந்ததும் சீரியல் எண் கேட்காமல் நேராக வரைபடப் பக்கம் வந்து நின்றது. லைசென்ஸ் அங்கேயே பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் டிஆக்டிவேட் அழுத்தினால் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றே வந்தது. ஃபயர்வாலை நிறுத்தினேன், பிராட்பேண்டை விட்டுவிட்டு ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன், ஒரு பகல் முழுக்கப் போயிற்று. கடைசியில் ஏதாவது தகவல் கிடைக்குமா என்று பிரவுசரைத் திறந்தபோது, உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று சொல்லி அது எந்தப் பக்கத்தையும் திறக்க மறுத்தது. திரையின் வலது மூலையைப் பார்த்தேன்: 2017 ஜனவரி 1. மின் இணைப்பு இல்லாமல் கிடந்த நாட்களில் மதர்போர்டில் உள்ள பட்டன் செல் தீர்ந்து, தேதி பின்னோக்கிப் போயிருக்கிறது. தேதி தவறினால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், தொடர்பும் ஏற்படாது. வாட்ச் கடையில் 40 ரூபாய்க்கு ஒரு சி.ஆர்.2032 செல் வாங்கி மாற்றி, தேதியையும் நேரத்தையும் சரி செய்தபின் டிஆக்டிவேட் அழுத்தினேன். அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. காலக்கெடு உள்ள லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தேதியைச் சரி செய்யாமல் மென்பொருளைத் திறக்கவே வேண்டாம். கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி ஏமாற்றுவதாகக் கருதி அது லைசென்ஸையே முடக்கிவிடக் கூடும்.

டிஆக்டிவேட் ஆனது என்ற செய்தி வந்தவுடன் ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பின்னால் தகராறு வந்தால் காட்டுவதற்கு நம்மிடம் வேறு ஆதாரம் கிடையாது. புதிய கம்ப்யூட்டரில் ஆக்டிவேஷன் முதல் முயற்சியிலேயே நடந்தது.

பிறகு பழையதில் மறுபடி அன்இன்ஸ்டால் செய்தேன். அதற்குப் பின்னும் பின்னணியில் ஓடும் புரோகிராம்களைக் காட்டும் விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் லைசென்ஸ் சேவை ஒன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது, சி டிரைவின் புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் அதன் ஃபைல்களும் இருந்தன. சுத்தம் செய்யும் வேகத்தில் அவற்றை அழிக்கப் போனபோது தம்பி தடுத்தான். டிசைனை மெஷினுக்கான புரோகிராமாக மாற்றும் எங்கள் கேம் (CAM) மென்பொருளின் லைசென்ஸும் அதே சேவையைத்தான் நம்பியிருக்கிறது. அதனால் அதில் கை வைக்காமல் விட்டுவிட்டேன். பழைய கம்ப்யூட்டர் இன்று காலை டூல் ரூமுக்குப் போய்விட்டது. இனி இணையத்தோடு தொடர்பில்லாமல், ஆர்.எஸ்.232 கேபிள் வழியாக உலோகத்தைக் குடைந்து வடிவமைக்கும் வி.எம்.சி. மெஷினுக்கு புரோகிராம் அனுப்புவதுதான் அதன் வேலை.