கரித்தூள் நாள்கள்: ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலை ரயில் குறிப்புகள்

அக்டோபர் 7, வெர்னிகெரோடே

நீராவி இஞ்சினைக் கண் பார்ப்பதற்கு முன்பே மூக்கு பார்த்துவிட்டது. கரிப்புகை, சூடேறிய எண்ணெய், ஈர இரும்பு. ஷெட்டை ஒட்டி, நின்று வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஒரு மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். இருட்டும்வரை அங்கேயே நின்றேன்.

ஓட்டம் முடித்து வந்த ஓர் இஞ்சினின் முகத்தில் இருந்த வட்டக் கதவை ஒருவர் திறந்தார். நாள் முழுக்கப் பாய்லர் குழாய்கள் வழியாகப் பறந்து வந்த கரித்தூள் உள்ளே குவிந்து கிடந்தது. மண்வெட்டியால் வாரி வாரிக் கொட்டினார். தொழுவத்தில் சாணி அள்ளுகிறவரின் நிதானம். நெருப்பை அடியோடு அணைப்பதில்லை. ஒதுக்கி மூடிவைத்து இரவெல்லாம் பாய்லரைச் சூட்டோடு காக்கிறார்கள். ஆறிப்போனால் மறுபடி நீராவி ஏற்றப் பல மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் தகடுகள் ஒரே சீராக விரியாமல் கெட்டுப்போகும்.

பாதையின் அகலம் 1000 மி.மீ. நம் ஊர்க் கணக்கில் மீட்டர் கேஜ். இங்கே பெரிய ரயிலுக்கு 1435 மி.மீ. என்பதால் இதைக் குறுகிய பாதை என்கிறார்கள். மலைக்குள் மொத்தம் சுமார் 140 கி.மீ. ஓடுகிறது.

அக்டோபர் 8, புரோக்கன்

பெட்டியின் இரு முனையிலும் திறந்த மாடம். அதில் நிற்கத் தடையில்லை. உள்ளே ஜன்னலோர இடம் கிடைத்தும் புரோக்கன் சிகரத்தின் உச்சிவரை நான் உட்காரவில்லை. அதற்கு அபராதமாக ஷியர்க்கே ஸ்டேஷனுக்கு முன்பே இடது கண்ணில் ஒரு கரித்துகள் விழுந்தது. கண்ணைக் கசக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் கசக்குவார்கள்.

இழுத்தது, 1954 முதல் 1956 வரை பாபெல்ஸ்பெர்க்கில் கட்டிய 17 இஞ்சின்களில் ஒன்று. 60 டன்னுக்கு மேல் எடை, பத்து இயக்குச் சக்கரங்கள். வெர்னிகெரோடே 234 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உச்சி ஸ்டேஷன் 1125 மீட்டரில். நீலகிரியில் 12 அடிக்கு ஓர் அடி ஏற வேண்டியிருப்பதால், பல்சக்கரம் கடித்து ஏறும் பல்தண்டவாளம் போட்டார்கள். இங்கே மிகக் கடுமையான ஏற்றமே 30-க்கு 1 தான். சக்கரத்தின் பிடிமானத்திலேயே ஏறிவிடலாம். வழுக்கினால் மணல் தூவிக்கொள்வார்கள்.

டிரை அன்னென் ஹோனெயில் தண்ணீர் பிடிக்க நின்றோம். பாதிப்பேர் இறங்கிப் படமெடுக்க ஓட, நான் இஞ்சின் பக்கம் போனேன். புகைபோக்கி எப்போதும் மலையைப் பார்த்தே இருக்கிறது. ஏறும்போது பாய்லர் பின்பக்கம் சாயும். தண்ணீர் நெருப்புப் பெட்டிப் பக்கம் சேரும். அந்தப் பெட்டியின் மேல்தகடு தண்ணீரில் மூழ்கியே இருக்க வேண்டும், வெளியே தெரிந்தால் ஆபத்து. ஆகவே இறங்கும்போதும் இஞ்சினைத் திருப்புவதில்லை. பெட்டிகளைச் சுற்றி மறுமுனைக்கு வந்து, முதுகு முன்னாக இறங்குகிறது.

ஷியர்க்கே தாண்டியதும் பேச்சு அடங்கிவிட்டது. இருபுறமும் செத்த ஸ்ப்ரூஸ் மரங்கள். 2018-இல் தொடங்கிய வறட்சியில் வலுவிழந்த மரங்களைப் பட்டை வண்டு முடித்துவிட்டது. தேசியப் பூங்கா என்பதால் வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சாம்பல் நிறக் குச்சிகள், அவற்றின் காலடியில் இளங்கன்றுகள். இத்தனை காய்ந்த மரத்துக்கு நடுவே நெருப்பைச் சுமந்துகொண்டு போகிறோம் என்பது கொஞ்சம் உறுத்தியது.

கடைசியில் பாதை உச்சியை ஒன்றரைச் சுற்றுச் சுற்றி ஏறுகிறது. மேலே ஒன்றும் தெரியவில்லை. ஆண்டில் சுமார் 300 நாள் இங்கே மூடுபனி. எனக்கு வாய்த்தது அதில் ஒன்று.

1961 ஆகஸ்டிலிருந்து 1989 டிசம்பர்வரை இந்த உச்சிக்குப் பொதுமக்கள் வர முடியாது. கிழக்கு ஜெர்மனியின் எல்லை. சுற்றிலும் சுவர், உள்ளே ஒட்டுக்கேட்கும் கருவிகள். பயணிகளுக்காக மறுபடி வண்டி வந்தது 1991 செப்டம்பரில்.

அக்டோபர் 9

மழை. தூக்கம். கண் சரியாகிவிட்டது.

அக்டோபர் 10, ஷ்டீகெ

தெற்கே போகும் பாதை. இன்று டீசல் ரயில்கார். நீராவி வண்டியை நான் தவறவிட்டேன். கால அட்டவணையில் அடுத்த வரியைப் படித்த என் குற்றம்.

அடுத்தடுத்து இரண்டு ஸ்டேஷன்கள்: எலெண்ட், ஸோர்கே. இன்றைய ஜெர்மனில் முதலாவதற்குத் துயரம், இரண்டாவதற்குக் கவலை என்று பொருள். துயரத்தில் ஒருவர் இறங்கினார். கவலையில் யாரும் ஏறவில்லை.

ஸோர்கேயில் ஒரு காலத்தில் மேற்கிலிருந்து இன்னொரு மீட்டர் கேஜ் பாதை வந்து சேர்ந்தது. போருக்குப் பின் எல்லை அதைக் குறுக்கே வெட்டியது. மேற்கில் மிஞ்சிய பகுதியை 1963-இல் மூடிவிட்டார்கள். அங்கே பஸ்ஸுக்கும் லாரிக்கும் பணம் இருந்தது. கிழக்கில் இல்லை, அதனால் பழையதையே ஓட்டினார்கள். பாரம்பரியத்தைக் காத்தார்கள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இந்த ரயிலைக் காத்தது கைமுடைதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஷ்டீகெயின் வளையமும் அதற்குச் சாட்சி. போருக்குப் பின் சோவியத்காரர்கள் போர் இழப்பீடாக இந்தப் பக்கத்துத் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஒரு பகுதியைச் சில ஆண்டுகளிலேயே மீண்டும் போட்டார்கள். விட்டுப்போன துண்டை இணைத்தது 1983-இல். எதற்காக? ஓர் அனல் நிலையத்துக்குக் கரி கொண்டுபோக. வண்டி திரும்ப இடமில்லாமல் அப்போது போட்டதுதான் இந்தச் சின்ன வளையம். வளைவில் சக்கரங்கள் கிறீச்சிடுவது பல்லைக் கூசவைத்தது.

அக்டோபர் 11, க்வெட்லின்பர்க்

ஸெல்கே பள்ளத்தாக்கு. மலையின் குறுகிய பாதைகளில் பழையது இதுதான், முதல் துண்டு 1887-இல் திறந்தது. புரோக்கனின் கூட்டம் இங்கே இல்லை. மரங்கள் உயிரோடு இருக்கின்றன, ஆறு பக்கத்திலேயே வருகிறது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

கெர்ன்ரோடேயோடு முடிந்த பாதையை 2006-இல் இந்த ஊர்வரை நீட்டினார்கள். எப்படி என்றால், ஏற்கெனவே இருந்த பெரிய பாதையை எடுத்துவிட்டு மீட்டர் கேஜ் போட்டு. மீட்டர் கேஜை அகலப் பாதையாக்கும் செய்திகளையே படித்து வளர்ந்தவன் நான். பக்கத்து இருக்கைக்காரரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

எட்டாம் தேதி போட்ட சட்டையை மூன்றாவது தடவையாக அலசினேன். தண்ணீர் இன்னும் கறுப்பாகத்தான் வருகிறது. ஈரத்தோடு பையில் திணித்தாயிற்று.