நிபோங் திபால் அந்தோனியாரிடம் ஒரு கடன் விண்ணப்பம்

செவ்வாய்க்கிழமை புனித அந்தோனியாருக்கு. மலேசியத் தோட்டத்தில் வளர்ந்த கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை, தானாகவே தெரியும். 1231 ஜூன் 13, ஒரு வெள்ளிக்கிழமை, இத்தாலியின் பதுவை நகருக்கு வெளியே அவர் இறந்தார். அடுத்து வந்த செவ்வாய்க்கிழமைதான் அடக்கம். அன்று நடந்ததாகச் சொல்லப்படும் அற்புதங்களால் அந்தக் கிழமையே அவருடையதாகிவிட்டது. பதின்மூன்று செவ்வாய் விடாமல் வேண்டிக்கொள்கிறவர்களும் உண்டு. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஜூன் திருவிழாவுக்கு முந்தைய நவநாளுக்குள், அந்த ஒன்பது நாள் வேண்டுதலுக்குள், விழுந்த ஒரு செவ்வாயைப் பார்த்துக் கிளம்பினேன். எனக்காக இல்லை, லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்களுக்கு அடுத்த வீட்டில் வளர்ந்த தோழிக்காக.

அவள் வீட்டுக்காரர் கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுவார். கேட்டால் சமைத்தும் கொடுப்பார். வங்கிக் கடனில் ஒரு லோரி வாங்கிய கொஞ்ச காலத்தில், 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. விருந்தே இல்லாத ஊரில் நாற்காலியை யார் எடுப்பார்கள்? லோரித் தவணையைக் கட்டக் கடன் அட்டை, கடன் அட்டையைக் கட்ட இன்னொரு அட்டை, கடைசியில் விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த தொலைபேசி எண். ஆலோங், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரன், தரும் பணம் எப்படி என்று நம் ஊரில் தெரியாதவர் இல்லை. முதல் தவணையை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் தருவான். உரிமம் உள்ளவர் பிணையில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இவனுக்கு அது ஒரு வாரக் கணக்கு. இந்த வருடம் அவர்கள் வீட்டுக் கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள்.

"சாமிகிட்ட சொல்லலாமா?"

"சாமிகிட்ட சொல்லு. சாமியார்கிட்ட சொல்லாதே."

தைப்பிங்கில் கொமூட்டர் ரயில் ஏறினேன். நேராக நிபோங் திபால் போகாமல் பாகான் செராயில் இறங்கினேன். அங்கே சூசைபாளையம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் குருக்கள் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியமர்த்தி, இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பர் பெயரையே வைத்த ஊர். வேலை கேட்க வேண்டுமானால் சூசையப்பரிடம் கேட்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். தச்சராயிற்றே. மே 1ஆம் தேதியைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக 1955இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார். ஆனால் எனக்கு அன்று அவருடைய பட்டறை நினைவுக்கு வரவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடினாரே, அதுதான் வந்தது. தோழியின் குடும்பமும் இரண்டு முறை மூட்டை கட்டிவிட்டு, போக இடமில்லாமல் அவிழ்த்தது. சூசையப்பரிடம் அதிகம் பேசவில்லை. நற்செய்தி நூல்களில் அவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: அந்த மனிதருக்கு மாதச் சம்பளத்தில் ஒரு வேலை.

பாகான் செராய்க்கும் பாரிட் புந்தாருக்கும் நடுவே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயல். கிரியான் ஆற்றைத் தாண்டினால் பினாங்கு மாநிலம், நிபோங் திபால். தமிழன் இங்கே வந்தது முதலில் கரும்புக்கு. அப்புறம் கித்தா என்கிற ரப்பர், இப்போது செம்பனை. கலிடோனியா தோட்டத்தில் பாழடைந்து நிற்கும் 99 கதவு மாளிகையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேய்க்கதை பேசுவார்கள். தோட்ட முதலாளி ராம்ஸ்டன் 1948இல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டது மட்டும் கதையில்லை. கரும்பு வெட்ட வந்தவர்களின் பெயர்களை அந்த அளவுக்கு யாரும் நினைவு வைத்திருக்கவில்லை என்பது என் நெடுநாள் மனத்தாங்கல். சரி, அது வேறு விஷயம்.

அந்தோனியார் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். கையில் குழந்தை இயேசு, லீலி மலர், பழுப்பு நிற அங்கி. உவரியிலும் புளியம்பட்டியிலும் கும்பிட்ட அதே கோடி அற்புதரைத்தான் நம் தாத்தா பாட்டிகள் கப்பலில் மனசுக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். மெழுகுதிரி ஏற்றுமிடத்தில் நெற்றியில் திருநீறோடு ஒரு குடும்பமும் நின்றது. இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை, அவருக்கு மதம் பார்க்காத பக்தர்கள் எப்போதும் உண்டு.

பக்கத்து பெஞ்சில் ஓர் ஆயா. பால்மரம் வெட்டின காலத்திலிருந்து இந்த நவநாளுக்கு வருகிறாராம். நான் கண்ணை மூடி "அவங்க கஷ்டம் தீரணும்" என்று முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"யாருக்கும்மா கேக்குற?"

"கூட்டாளிக்கு ஆயா. கடன்."

"பேரச் சொல்லிக் கேளு. எத்தன வெள்ளி காசுன்னும் சொல்லு. கஷ்டம்னா அவருக்கு என்னா வெளங்கும்? இங்க இருக்கிற எல்லாருக்குந்தான் கஷ்டம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னது நற்செய்திக்கு ஒத்ததுதான். கானாவூர்க் கல்யாணத்தில் மாதா நீட்டி முழக்கவில்லை. "திராட்சை இரசம் தீர்ந்துவிட்டது" என்று, தீர்ந்துபோன பொருளின் பெயரைச் சொன்னார், அவ்வளவுதான். பணக்கஷ்டத்தையெல்லாம் புனிதர்களிடம் கொண்டுபோகலாமா, ஆன்மாவுக்கு உரியதை மட்டும் கேட்க வேண்டாமா என்று கேட்கிறவர்களுக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. அன்று ஆபத்தில் இருந்தது யாருடைய ஆன்மாவும் இல்லை. விருந்தாளிகள் முன்னால் ஒரு வீட்டின் மானம்.

லூக்கா 11ஆம் அதிகாரத்தை ரயிலில் வாசித்துக்கொண்டு வந்தேன். நள்ளிரவில் ஒருவன் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பம் கடன் கேட்கிறான். தன் வயிற்றுக்காக இல்லை, பயணத்தில் வந்து சேர்ந்த இன்னொரு நண்பனுக்காக. புனிதர்களின் பரிந்துரையை இதைவிட எளிதாக எனக்கு விளக்கத் தெரியாது. கொடுக்கிறவர் கடவுள். அந்தோனியார் நம்மோடு வந்து கதவைத் தட்டுகிறவர். மன்றாட்டு மாலையில் கடவுளிடம் "எங்கள்மேல் இரக்கமாயிரும்" என்கிறோம், புனிதர்களிடம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றுதான் சொல்கிறோம்.

காணாமல் போன சாவிக்கும் தோட்டுக்கும் அந்தோனியார் என்று எல்லோருக்கும் தெரியும். கடன்பட்டவர்களுக்கு அவர் செய்தது அவ்வளவாகத் தெரியாது. 1231 தவக்காலத்தில் பதுவையில் வட்டிக்கு எதிராக நாள்தோறும் பிரசங்கம் செய்தார். கடனைத் திருப்ப முடியாதவர்களை அந்த நகரம் சிறையில் போட்டுவந்தது. உடைமைகளை ஒப்படைத்துவிட்டவரைக் கடனுக்காகச் சிறையில் வைக்கக் கூடாது என்று அந்த மார்ச் மாதம் பதுவை நகராட்சி சட்டம் செய்தது. சகோதரர் அந்தோனியாரின் வேண்டுகோளின்படி என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மூன்றே மாதத்தில் அவர் இறந்துபோனார். தொலைந்த சாவியைவிட எனக்கு இதுதான் பெரிய அற்புதமாகப் படுகிறது.

கஞ்சனின் இதயம் என்று இன்னொரு கதை உண்டு. வட்டிக்காரன் ஒருவனின் சவ அடக்கத்தில், "இவன் இதயம் உடம்பில் இல்லை, பணப்பெட்டியில் பாருங்கள்" என்றாராம் அந்தோனியார். போய்ப் பார்த்தால் அங்கேதான் இருந்ததாம். பதுவைப் பேராலயத்தில் தொனதெல்லோ இதை வெண்கலத்தில் வடித்திருக்கிறார். கேட்டில் சாயம் ஊற்றியவர்களை நினைத்துக்கொண்டு இந்தக் கதையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்ததில் ஒரு திருப்தி. ஆனால் ஊற்றியவன் முதலாளி இல்லையே. நாளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பையன், அவனும் ஏதோ ஒரு தோட்டத்துப் பிள்ளையாகக்கூட இருக்கலாம். அவனுக்காகவும் வேண்ட வேண்டும் என்று தெரிந்தது. வாய் வரவில்லை.

தோழியின் பெயரைச் சொன்னேன், வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். வங்கிக்கு எவ்வளவு, அட்டைக்கு எவ்வளவு, ஆலோங்குக்கு எவ்வளவு என்று தனித்தனியாகச் சொன்னேன். சொல்லும்போதே, ஆலோங் தொகைதான் மூன்றிலும் சிறியது என்பது உறைத்தது. அவர்கள் தூக்கத்தைக் கெடுத்தது அது, கழுத்தை நெரிப்பது லோரி.

விண்ணப்பச் சீட்டில் மட்டும் எதுவும் எழுதவில்லை. நவநாளில் அவற்றை வாசித்தால், "கடன் தொல்லையில் வாடும் ஒரு குடும்பத்துக்காக" என்றாலே போதும், சின்ன ஊரில் அடுத்த நாள் பசியாறும் நேரத்துக்குள் அது எந்தக் குடும்பம் என்று பேச்சு கிளம்பிவிடும். நல்ல மனசோடு எழுதிய எத்தனையோ சீட்டுகள் இப்படி மானத்தை வாங்கியிருக்கின்றன. நண்பருக்காக வேண்டுகிறவர்கள் புனிதரிடம் முழு விவரமும் சொல்லலாம், பங்கு மக்களிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்பது என் கட்சி.

நேர்ச்சை பற்றி ஆயாவிடம் கேட்டேன். தோழியையே ஒரு நேர்ச்சை வைக்கச் சொல்லலாமா?

"ஏற்கனவே கடன்ல இருக்கிறவளுக்கு இன்னொரு கடனா? நீ வை."

அந்தோனியார் அப்பம் என்ற வழக்கத்தின் கதையும் நேர்ச்சைக் கதைதான். 1890இல் பிரான்சின் தூலோன் நகரத்தில் லூயிஸ் பூஃபியே என்ற பெண்ணின் கடைப் பூட்டு திறக்க மறுத்தது. திறந்தால் ஏழைகளுக்கு ரொட்டி தருகிறேன் என்று அந்தோனியாரிடம் வேண்டினார், திறந்தது. நான் அரிசி நேர்ந்துகொண்டேன். "தீர்ந்தால் தருகிறேன்" என்று பேரம் பேச மனசு வரவில்லை. அந்த வாரமே எங்கள் பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையில் மூட்டையைக் கொடுத்துவிட்டேன்.

மாலை நவநாள், திருப்பலி, சுரூபத்தைத் தொட்டு முத்தி செய்ய நீண்ட வரிசை. அதை விவரிக்கத் தேவையில்லை, அந்தோனியார் திருவிழா பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் தோழியிடம் லோரியைப் பற்றிப் பேசினேன். அவள் அழுதாள், வீட்டுக்காரர் கோபப்பட்டார், இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவரே மகனிடம் எல்லாக் கடிதங்களையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். பிரிக்காத உறைகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய. மகன் அவரை ஏ.கே.பி.கே.வின் பினாங்குக் கிளைக்கு அழைத்துப் போனான். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. வங்கிக் கடனையும் அட்டைகளையும் அவர்கள் வழியாக ஒரே தவணையாக்கப் பேச்சு நடக்கிறது. ஆலோங் கடன் அவர்கள் கணக்கில் வராது, அதற்குப் போலீஸ் புகார் கொடுத்திருக்கிறார்கள். லோரி விற்றாயிற்று. மாதச் சம்பள வேலை இன்னும் கிடைக்கவில்லை. சூசையப்பர் காதில் போட்டாயிற்று, அவர் அவசரப்படுகிறவர் இல்லை.

அந்தோனியார் கடனைத் தீர்த்துவைத்தார் என்று கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கடன் இருக்கிறது. அந்த டின் திறந்தது. சாவிக்கும் பூட்டுக்கும் பெயர் போனவர் என்பதால், அதை அவர் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன வாரம் தோழி அழைத்தாள். "லோரி ஓட்டின தம்பிக்கு இப்ப வேலை இல்ல. வீட்டு வாடகை ரெண்டு மாசம் நிக்குது. நீ போனா அவன் பேரையும் சொல்லேன்."

"நீயே வந்து சொல்லு" என்றேன்.

வருகிறேன் என்று சொல்லவில்லை. கொமூட்டர் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.