சான்றிதழைத் தாண்டி வேலையைப் பார்க்கட்டும்

அக்கா மகளுக்குப் பதவி உயர்வு! பலதுறைத் தொழிற்கல்லூரி டிப்ளோமாவோடு அரசாங்க வேலையில் சேர்ந்தவள். முகப்பில் மக்களின் கோபத்தைப் பொறுமையாகக் கேட்டு, பிரச்சினையைத் தீர்த்தும் அனுப்புவாள். அந்தத் திறமை எந்தச் சான்றிதழிலும் இருக்காது. அதைக் கவனித்து உயர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

என் வயதுக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். முன்பு சிங்கப்பூர் அரசாங்க ஊழியர்களை முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று நான்காக வகுத்திருந்தார்கள். சேரும்போது கையில் இருந்த படிப்பு எதுவோ, பெரும்பாலும் அதுதான் பிரிவு. 2017இல்தான் அந்தப் பிரிவுப் பெயர்களை எடுத்தார்கள். தகுதி பார்த்து ஆள் எடுக்கும் பொதுச் சேவை ஆணையமோ 1951இலேயே வந்துவிட்டது!

சரி, இன்னும் ஒன்று உறுத்துகிறது. செய்த வேலையோடு, ஒருவர் எவ்வளவு உயரம் போகக்கூடியவர் என்றும் மதிப்பிடுகிறார்கள். ஷெல் எண்ணெய் நிறுவனத்திடமிருந்து 1980களில் எடுத்த முறை இது. சேர்ந்த சில ஆண்டுகளில் ஒருவரின் உச்சத்தை யாரால் சொல்ல முடியும்? அந்தக் கணிப்பை அடிக்கடி திருத்த வேண்டும். அப்புறம், காரணத்தையும் ஊழியரை நேரில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.