டேக் கிடைத்தது, வழி கிடைக்கவில்லை: அரிசோனா யூனிட் 27-இல் எல்க் வேட்டை

அரிசோனாவில் செப்டம்பர் கடைசியில் வரும் துப்பாக்கிப் பருவத்துக்கு ஆண் எல்க் (பெரிய மான் இனம்) டேக், அதாவது ஒரு விலங்கை வேட்டையாடக் குலுக்கலில் தரும் அனுமதிச் சீட்டு, கிடைப்பது எவ்வளவு அரிது என்று வருடா வருடம் விண்ணப்பம் போடுகிறவர்களுக்குத் தெரியும். இணைசேரும் காலம் அது. கொம்பன்கள் (ஆண் எல்க்) விடியலில் குரல் கொடுத்துக்கொண்டு வெளியே வரும். குலுக்கலில் பெயர் விழாத ஒவ்வொரு வருடமும் கிடைக்கும் போனஸ் பாயின்ட்களை அந்த டேக்குக்காகப் பல வருடம் சேர்த்தேன். டேக் வந்த பிறகு எங்கெங்கே மாட்டிக்கொள்ளலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்து போகிறவர்களுக்காக அதை எழுதிவைக்கிறேன்.

முதல் இடி குலுக்கலிலேயே விழுந்தது. பிப்ரவரி விண்ணப்பத்துக்குப் பிறகு, பெயர் விழுந்தவர்களின் கார்டில் பணம் எடுப்பார்கள். கார்டில் இருந்து பணம் வரவில்லை என்றால் டேக் போய்விடும். கார்டு சரியாகத்தான் இருந்தது, பணமும் இருந்தது. என் வங்கி அதைச் 'சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை' என்று தடுத்துவிட்டது! வேட்டைத் துறையிலிருந்து போன் வந்த நிமிடமே வங்கியைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இசையைக் கேட்கவைத்து, ஆள் மாற்றி ஆள் மாற்றி, கடைசியில் 'ஆன்லைனில் நீங்களே அனுமதித்திருக்கலாமே' என்றார்கள். அந்த அனுமதிக் குறுஞ்செய்தி எனக்கு வரவே இல்லை. பிப்ரவரி பாதியிலேயே வங்கிக்குப் போன் பண்ணி, இந்தத் துறையின் பெயரில் பணம் எடுப்பார்கள், தடுக்காதீர்கள் என்று சொல்லிவையுங்கள். முடிந்தால் வேறு வங்கிக் கார்டைப் பதிந்துகொள்ளுங்கள்.

பாயின்ட் கணக்குத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: டேக்குகளில் 20 சதவீதம், அதிகப் பாயின்ட் வைத்திருப்பவர்களுக்கு முதலில் போகும், மீதிக்கு ஒவ்வொரு பாயின்ட்டும் ஒரு கூடுதல் சீட்டு மாதிரி. வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்தால் ஒரு பாயின்ட் நிரந்தரமாக நிற்கும். அதை விடாதீர்கள். வருடா வருடம் சேர்ந்த பாயின்ட்கள் டேக் கிடைத்ததும் கரைந்துவிடும்.

எச்1பி விசாவில் இருக்கும் நண்பர்கள் ஒருவர் விடாமல் கேட்கிறார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பவர்களுக்கு அதே சட்டத்தில் விலக்கும் உண்டு. நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் துப்பாக்கியைத் தொட்டேன். நீங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

இனி இடத்துக்கு வருவோம். யூனிட் 27, அதாவது மாநிலம் வேட்டைக்காகப் பிரித்த பகுதிகளில் ஒன்று, நியூ மெக்ஸிகோ எல்லையை ஒட்டி இருக்கிறது. ஆல்பைன், ஹன்னகன் மெடோ, நீல ஆற்றுப் பள்ளத்தாக்கு எல்லாம் அதில் அடக்கம். சாண்ட்லரிலிருந்து நாலரை மணி நேரம். ஆல்பைனே 8,000 அடி, ஹன்னகன் அதற்கும் மேலே. எனக்குப் பழக்கமானதெல்லாம் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கத்துக் காடு: சமதளம், பெரிய பைன் மரங்கள், தூரம் வரை பார்வை. அதை மனதில் வைத்து இங்கே வந்தால் ஒன்றுமே பொருந்தாது.

காரணம் 2011-இல் எரிந்த வாலோ தீ. அணைக்காமல் விட்டுப்போன ஒரு முகாம் நெருப்பு, 5,38,000 ஏக்கருக்கு மேல் தின்றுவிட்டது. செயற்கைக்கோள் படத்தில் இப்போது பார்த்தால் பச்சையாக, அழகாக இருக்கும். 'இந்தச் சரிவில் ஏறி அந்த முகட்டில் உட்காரலாம்' என்று வீட்டில் இருந்தபடியே குறித்துவைத்தேன். ஆகஸ்டில் நேரில் போனால் அந்தப் பச்சை முழுவதும் தீக்குப் பின் முளைத்த ஆஸ்பென் கன்றுகள். கை நுழைய இடமில்லாத அடர்த்தி. அதற்கு நடுவே லோகஸ்ட் முள். கீழே கருகி விழுந்த மரங்கள், இடுப்பு உயரத்துக்குக் குறுக்கும் நெடுக்கும். படத்தில் அரை மைல் காட்டிய இடத்தைக் கடக்க ஒரு காலைப்பொழுதே போனது. வீட்டில் குறித்ததில் உருப்படியாக நின்றது மிகச் சில இடங்கள்தான்.

யூடியூபில் இந்த யூனிட்டைப் பற்றி வரும் பழைய காணொளிகள் பாதி, மரத்தில் கேமரா கட்டி வைத்துக் கொம்பன்களைப் பார்க்கச் சொல்கின்றன. 2022 ஜனவரி முதல் அரிசோனாவில் வேட்டைக்காகக் கேமரா கட்டக் கூடாது. நேரில் போய்க் காலால் தேடுவது ஒன்றுதான் வழி. சேற்றுக் குழிகளைப் பாருங்கள், கொம்பன்கள் அதில் புரளும். சேறு கலங்கி ஈரமாக இருந்தால் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் கண்டுபிடித்த ஒரு நல்ல குளத்தின் கரையிலேயே, பருவம் தொடங்குவதற்கு முந்தின நாள் ஒரு கூட்டம் வந்து கூடாரம் போட்டு, ஜெனரேட்டரும் ஓட்டியது. விலங்குகள் வரமுடியாதபடி தண்ணீருக்குக் கால் மைலுக்குள் முகாம் போடுவது இங்கே சட்டவிரோதம். எடுத்துச் சொன்னேன். 'நாங்க எப்பவும் இங்கதான் போடுவோம்' என்றார்கள். ஒரு எல்க்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இன்னும் எரிகிறது எனக்கு.

பாதைக் கதை இன்னும் மோசம். என்னோடு வந்தது எங்கள் ஊர்க்காரர், வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கிளம்புவதற்கு முன் காட்டுப் பாதை நிலவரம் கேட்டுப் போன் செய்தோம். எடுத்தவர் 'எல்லாம் திறந்திருக்கிறது' என்றார், கேட்டு முடிப்பதற்குள் வைத்தும்விட்டார். போய்ப் பார்த்தால் நாங்கள் நம்பியிருந்த பாதையைப் பருவமழை அறுத்து, ஒரு வண்டி அளவுக்குக் குழி. சுற்றுவழியில் களிமண். மழை பெய்த மறுநாள் அந்தக் களிமண்ணில் நாலு சக்கர இழுவையும் ஒன்றும் செய்யாது. போனில் கேட்கும்போது 'திறந்திருக்கிறதா' என்று கேட்காதீர்கள். 'கடைசியாக உங்கள் ஆள் அந்தப் பாதையில் எப்போது போனார்' என்று கேளுங்கள். மேற்கே போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தப் பக்கம் அப்பாச்சி பழங்குடியினரின் நிலம். மாநில டேக் அங்கே செல்லாது. எல்லைக் கோட்டை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே சிக்னல் கிடையாது.

வேட்டையைப் பொறுத்தவரை எங்களைத் தோற்கடித்தது காற்று. விடியலில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். வெயில் சரிவில் பட்டதும் அதே காற்று மேலே ஏறத் தொடங்கும். இரவெல்லாம் கீழே மேய்ந்த எல்க் அந்த நேரத்தில்தான் நிழலான வடக்குச் சரிவுக்கு ஏறும். கீழே இருந்து துரத்தினால் முதல் அரை மணி நமக்குச் சாதகம், அதற்குப் பிறகு நம் வாடை நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். குரல் இருநூறு அடிக்குள் கேட்கும், அடுத்த நொடி மரம் முறியும் சத்தம், அவ்வளவுதான். இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் ஏறப் போனவனை அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். 'தம்பி, காத்து திரும்பிருச்சு. இப்பப் போனா மலையே காலியாயிரும். நாளைக்கு இருட்டோட மேல ஏறி உக்காருவோம், அது நம்மகிட்ட வரட்டும்' என்றார்.

அப்படியே செய்தோம். நள்ளிரவு தாண்டியதும் நடக்கத் தொடங்கி, விடிவதற்கு முன் முகட்டில் இருந்தோம். ஒரு கொம்பன் நான்கு பெண் எல்க்குகளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தது. பக்கவாட்டில் நின்றது. ஒரே தோட்டா, 30-06 ரகத் துப்பாக்கி. டேக்கை உடனே கட்டினோம்.

உண்மையான ஓட்டம் அதற்குப் பிறகுதான். ஒரு முழு வளர்ந்த கொம்பனின் நான்கு கால்களும் முதுகுச் சதையும் கழுத்தும் சேர்ந்தால் 250 பவுண்டைத் தாண்டும். பகலில் 70 ஃபாரன்ஹீட். பெரிய விலங்கில் தொடை எலும்பைச் சுற்றிய சூடு லேசில் இறங்காது, அங்கேதான் முதலில் கெடும். தோலை உடனே உரித்து, தொடைகளைத் துணிப்பையில் போட்டு வடக்குச் சரிவின் நிழலில் கட்டித் தொங்கவிட்டோம். ஆண் விலங்கு என்று காட்டும் உறுப்பு ஒரு துண்டோடு ஒட்டியே இருக்க வேண்டும், அவசரத்தில் அறுத்து எறிந்துவிடாதீர்கள். விழுந்த மரங்களுக்கு மேலே ஏறி இறங்கி, ஒவ்வொரு நடைக்கும் ஒரு கால். கடைசித் தொடை வண்டிக்கு வரும்போது இருட்டிவிட்டது. இரவு நல்ல குளிர், நிம்மதியாகத் தூங்கினோம்.

காலையில் பார்த்தால் ராத்திரிக் காற்றில் கருகிய மரம் ஒன்று பாதைக்குக் குறுக்கே கிடக்கிறது. எங்களிடம் இருந்தது ஒரு கைரம்பம். அறுக்க அறுக்க வெயில் ஏறுகிறது, பின்னால் இறைச்சி இருக்கிறது. பாதி அறுத்த பிறகு எதிர்ப்பக்கம் ஒரு வண்டி வந்தது, அவர்களிடம் இயந்திர ரம்பம் இருந்தது. பத்து நிமிடத்தில் வழி விட்டது. எரிந்த காட்டுக்குள் இயந்திர ரம்பம் இல்லாமல் போகாதீர்கள், கருகிய மரத்தடியில் கூடாரமும் போடாதீர்கள்.

அதன் பிறகு இறைச்சி வெட்டித் தரும் கடை. பருவம் தொடங்குமுன் நானே போன் செய்து, 'எந்த நாள் வந்தாலும் எடுத்துக்கொள்வோம்' என்று உறுதி வாங்கியிருந்தேன். கதவில் ஒரு காகிதம்: இடமில்லை. உள்ளே இருந்தவர் நேற்றே நிறைந்துவிட்டது என்றார். நான் முன்பே பேசியதைச் சொன்னேன். 'போனில் யார் பேசினார்கள் என்று தெரியாது' என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். குளிரறையில் ஒரு ராத்திரி மட்டும் வையுங்கள், காசு தருகிறேன் என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பல வருடக் காத்திருப்பு வண்டியில் சூடாகிக்கொண்டிருக்கும்போது கிடைத்த அந்தப் பதிலை நான் மறக்கப்போவதில்லை.

அண்ணன்தான் தெம்பாக இருந்தார். ஸ்பிரிங்கர்வில்லில் கிடைத்த ஐஸ் பைகளையெல்லாம் வாங்கினோம். பெரிய தொடை எலும்புகளை அங்கேயே, வண்டியின் நிழலில் எடுத்துவிட்டோம். எலும்பு போனால் சூடும் போகும், பெட்டியிலும் இடம் கிடைக்கும். ஐஸ் உருகிய தண்ணீரில் இறைச்சி ஊறக்கூடாது, பெட்டியின் வடிகாலைத் திறந்தே விடுங்கள். ஷோ லோவில் மறுபடி ஐஸ். சால்ட் ரிவர் பள்ளத்தாக்கு இறக்கத்தில் அனல் அடித்தபோது ஏசியை முழு வேகத்தில் வைத்து, பின் இருக்கையிலும் பெட்டிகளை அடுக்கி ஓட்டினோம். சிக்னல் வந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டார். அண்ணி, 'இங்க கொண்டுவாங்க. கடைக்காரன் வேண்டாம், நாங்க வெட்டிக்கிறோம்' என்றார்.

நாங்கள் சேரும்போது மேசையில் பிளாஸ்டிக் விரித்து, கத்தி தீட்டி, இரண்டு வீட்டு ஃபிரிட்ஜும் காலி செய்யப்பட்டிருந்தது. அண்ணியின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். கெட்ட சதையை முகர்ந்தே தள்ளினார், சவ்வை வாரி எடுத்தார், எந்தச் சதை குழம்புக்கு, எது சுக்காவுக்கு, எது கொத்துக்கு என்று பிரித்தார். கடைசியாக இறக்கிய பின்தொடையில் எலும்பை ஒட்டி ஒரு கையளவு மட்டும் புளித்த வாடை. அதை எறிந்தோம். மற்றதெல்லாம் தப்பியது. நடுநிசிக்குள் பொட்டலம் கட்டி முடித்துவிட்டார்கள். எல்க் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு, சுக்காவுக்கு நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றுங்கள், இல்லையென்றால் வறண்டுவிடும்.

இறைச்சியை வேறு ஒருவர் வண்டியில் அனுப்பினாலோ பங்கு கொடுத்தாலோ அதற்கான எழுத்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், வழியில் நிறுத்திக் கேட்பார்கள். கடையை நம்புகிறவர்கள், பேசியவர் பெயரை எழுதி வாங்கி, இரண்டாவது கடையையும் பேசிவையுங்கள். ஒரு பெரிய பெட்டி நிறைய, பாட்டிலில் உறையவைத்த தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், கடை ஐஸைவிட நெடுநேரம் தாங்கும். எனக்குப் பாயின்ட் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது, பயிற்சி வகுப்பின் ஒன்று மட்டும் மிச்சம். வரும் பிப்ரவரியில் பெண் எல்க் டேக்குக்குப் போடுகிறேன், அண்ணன் அதே யூனிட் 27-க்குப் போடுகிறார். அவருக்கு விழுந்தால் இயந்திர ரம்பம் என் பொறுப்பு.